உட்காரச் சொல்லாத இங்கிலீசு வாத்தியார்

பவளத்துறை என்றொரு நாடு இருந்தது. உழைப்பவனைத் தவிர மற்ற எல்லோரும் களைத்துப்போகிற நாடு. அதை ஆண்டவர் திருவளர்மாறர். துறைமுகத்துக்கு இங்கிலீசுக் கப்பல்கள் வரத் தொடங்கியதும் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. தானும் தன் சபையும் இங்கிலீசு பேச வேண்டும்! உடனே ஆள் அனுப்பி, கடல் கடந்து ஒரு வாத்தியாரை வரவழைத்தார். அவர் பெயர் வில்கின்.

காலையில் பாடம், உச்சிமணி அடித்ததும் ஓய்வு என்று பேசித்தான் அவரைக் கூட்டிவந்தார்கள். கரையில் கால் வைத்ததுமே பிரதானி ஏகநாயகம் அவர் ஊர் திரும்புவதற்கான கப்பல் சீட்டை வாங்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "பத்திரமாக இருக்கட்டும்" என்றார். யாரிடமிருந்து பத்திரம் என்று சொல்லவில்லை.

காலையில் அரசருக்கும் சபைக்கும் பாடம். பிற்பகலில் பிரதானியின் மைத்துனர்களுக்குப் பாடம். அப்புறம் கோட்டை வாசலில் நின்று, வருகிற வணிகர்களுக்கெல்லாம் இங்கிலீசில் வணக்கம். விருந்து வந்தால் இன்னும் மோசம். "பூசணிக்காயை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று ஒருவர் கேட்பார். சொன்னால் சபையே கைதட்டும். உடனே அடுத்தவர் புடலங்காயைக் கேட்பார்.

வில்கினின் தொண்டை கட்டிக்கொண்டது. இப்படியே பேசிக்கொண்டிருந்தால் குரல் திரும்பவே வராது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த மனிதருக்குக் குரல்தான் பிழைப்பு. பிரதானியிடம் போய் நின்றார்.

"உச்சிக்குப் பிறகு ஓய்வு கொடுங்கள், ஐயா."

"ஓய்வா? எதற்கு?" பிரதானி உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நீர் என்ன மூட்டையா தூக்குகிறீர்? பேசுகிறீர். அதுவும் சொந்தத் தாய்மொழியில்! தாய்மொழி பேசி எவனாவது களைத்துப்போவானா? நீர் கண் விழித்திருக்கும் நேரமெல்லாம் பாட நேரம்தான்."

"அப்படியானால் என் சீட்டைக் கொடுங்கள். ஊருக்குப் போகிறேன்."

"அது பத்திரமாக இருக்கிறது."

வில்கின் நேரே மருதக்கூத்தனிடம் போனார். அரசரைச் சிரிக்கவைக்கிற உத்தியோகம் மருதக்கூத்தனுக்கு. வில்கின் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "அரசருக்கு மனுக் கொடுக்கலாமா?" என்று கிசுகிசுத்தார். அதற்கு மேல் குரல் எழும்பவில்லை.

"தாராளமாகக் கொடுக்கலாம். எங்கள் ஊரில் மனுவை ரொம்ப மரியாதையாக வாங்கிக்கொள்வார்கள். அதோடு சரி." மருதக்கூத்தன் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினான். "வாத்தியாரே, இன்றைய விருந்துக்கு வந்து சும்மா நில்லும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அன்று விருந்துக்குப் பக்கத்து நாட்டு அரசர் வந்திருந்தார். இலை போட்டாயிற்று. நெய் மணம் கூடத்தை நிறைத்தது. திருவளர்மாறர் உட்காரப் போனார்.

"அரசே, ஒரு சந்தேகம்!" என்றான் மருதக்கூத்தன். "இப்போது இங்கிலீசுப் பாடம் நடக்கிறதா, இல்லையா?"

அரசர் பிரதானியைப் பார்த்தார்.

"நடக்கிறது" என்றார் பிரதானி. "வாத்தியார் கண் விழித்துத்தானே இருக்கிறார்?"

"ஐயோ, பெரிய தப்பு நடக்க இருந்ததே! பாடம் நடக்கும்போது குரு வாய் திறந்து 'உட்கார்' என்று சொல்லாமல் மாணவன் உட்காரலாமா? காலைப் பாடத்தில் தாங்களே காத்து நின்றுதானே உட்காருகிறீர்கள்?"

அரசர் சட்டென்று நிமிர்ந்தார். விருந்தாளி அரசர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் வழக்கத்தை மீற முடியுமா? சபை முழுவதும் அரசரோடு உட்காராமல் நின்றது.

"சொல்லும், வாத்தியாரே" என்றார் அரசர்.

வில்கின் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். துருத்தி ஊதுவதுபோல் ஒரு சத்தம்.

"என்ன ஆயிற்று இவருக்கு?"

"குரல் போய்விட்டது, அரசே. நமக்குப் பூசணிக்காய் சொல்லியே போய்விட்டது."

"கையைக் காட்டினால் போதாதா?" என்றார் பிரதானி.

"கையைக் காட்டியதும் உட்கார்ந்ததற்காகப் போன மாதம் உங்கள் மைத்துனர் தலையில் நீங்களே குட்டினீர்களே, பிரதானியாரே!"

விருந்தாளி அரசர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்கள் நாட்டுக்கு இன்னும் இங்கிலீசு வரவில்லை. நாங்கள் சாப்பிடலாம் அல்லவா?"

"தாராளமாக!" என்று சொல்லி மருதக்கூத்தனும் ஓர் இலையில் உட்கார்ந்தான்.

"நீ மட்டும் எப்படி உட்காரலாம்?" என்று அரசர் சீறினார்.

"நான் மந்தபுத்தி என்று பிரதானியார் வகுப்பிலேயே சேர்க்கவில்லை, அரசே. அவியல் பிரமாதம்."

அரசரின் வயிறு சத்தம் போட்டது. "நாங்கள் எப்போதுதான் உட்காருவது?"

"குரல் வந்ததும். ஓய்வு கொடுத்தால் வரும் என்கிறார் வைத்தியர். ஓய்வே கிடையாது என்கிறார் பிரதானியார். நடுவில் தாங்கள் நிற்கிறீர்கள்."

"பாடம் முடிந்தது என்று நான் சொல்லிவிட்டால்?"

"அப்புறம் குருவும் இல்லை, மாணவனும் இல்லை. வாத்தியார் விருந்தாளி, தாங்கள் அரசர். ஆனால் இன்றைக்கு மட்டும் சொன்னால், நாளைய விருந்தில் மறுபடியும் நிற்க வேண்டுமே."

அந்த நேரம் பார்த்துப் பாயசம் வந்தது.

"இனி என்றைக்கும் உச்சிமணியோடு பாடம் முடியும்!" என்று அரசர் முழங்கினார். "குரல் தேறும்வரை பாடமே இல்லை. வாத்தியார் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி, அவர் சம்பளம் குறையக் கூடாது. பிரதானி, அவருடைய கப்பல் சீட்டை அவர் கையிலேயே கொடும்."

"அரசே, அது என்னிடம் பத்திரமாக..."

"கொடும் ஐயா, பசிக்கிறது!"

பெட்டி வந்தது, சீட்டு கைமாறியது. அதன் பிறகுதான் அரசர் உட்கார்ந்தார். வில்கினும் ஓர் இலையில் உட்கார்ந்தார். அன்று யாரும் அவரிடம் எந்தக் காயையும் கேட்கவில்லை.

வயிறு நிறைந்ததும் அரசருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. "பொல்லாதவன் நீ! கேள், என்ன பரிசு வேண்டும்?"

மருதக்கூத்தன் எழுந்து கைகூப்பினான். "பரிசெல்லாம் வேண்டாம், அரசே. நானும் விடிந்தது முதல் பேசிக்கொண்டேதான் இருக்கிறேன். எனக்கும் உச்சிமணியோடு வேலை முடிந்தால் போதும்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நீ இதுவரை சொன்னதிலேயே இதுதானடா சிறந்த வேடிக்கை!" என்று தன் தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். சபை கைதட்டியது.

சால்வையைச் சரிசெய்துகொண்டு, மருதக்கூத்தன் அடுத்த பந்தியைச் சிரிக்கவைக்கப் போனான்.