முள்ளெலி வயிற்றில் ஒரு கொத்து மயிர்

இரண்டு கையிலும் முள்பலகை வைத்துக்கொண்டு ஆட்டுமயிர் சீவிக்கொண்டிருக்கிறேன். தக்காளிப் பெட்டி உடைந்ததில் எடுத்த பலகைதான். அதில் சின்ன ஆணியாக வரிசையாய் அடித்து, தலையை நறுக்கி, நுனியைக் கொஞ்சம் வளைத்திருக்கிறோம். கறுப்பு மயிரும் வெள்ளை மயிரும் வைத்து, ஒரு பலகைமேல் இன்னொன்றைக் கவிழ்த்து, எதிரெதிராக இழுத்தால் இரண்டும் கலந்து சாம்பல் நிறமாக வரும். எது இடக்கைப் பலகை, எது வலக்கைப் பலகை என்று எனக்கு எப்போதும் குழம்பிவிடும். அதனால் ஒன்றில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். முதன்முதலில் மயிர் சீவியவளுக்கே இந்தக் குழப்பம் வந்ததாம்.

அந்தக் காலத்தில், ஆடுகளுக்கும் முள்ளெலிகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்தபோது, மலையடிவாரத்தில் சென்னம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் கைப்பிள்ளை, பிறந்து ஒன்றரை மாதம். புருஷன் மந்தையை ஓட்டிக்கொண்டு தூரமாய் மேய்ச்சலுக்குப் போயிருந்தான். மார்கழிப் பனி இறங்கப் பத்து நாள்தான் இருந்தது. பிள்ளைக்குப் போர்த்தக் கம்பளி இல்லை.

வீட்டில் இருந்தது இரண்டு ஆடு. ஒன்று கருப்பி, ஒன்று வெள்ளச்சி. ஒன்றின் மயிர் பாதிக் கம்பளிக்குத்தான் வரும். இரண்டிடமும் கேட்டாள்.

"தர்றேன்," என்றது கருப்பி. "ஆனா புள்ள உடம்புல என் மயிருதான் படணும். அவளது மேல கெடக்கட்டும்."

"ஏன், என் மயிரு குத்துதா?" என்றது வெள்ளச்சி. "சென்னம்மா, அவ மயிரு பனியில நனைஞ்சா சாயம் போயிரும், பாத்துக்க."

"சாயமா? பொறந்த நெறம்டி இது!"

பட்டை பட்டையாக நெய்கிறேன் என்றாள் சென்னம்மா. யாருக்கு எத்தனை பட்டை என்று அதற்கும் சண்டை. கடைசியில் இரண்டும் ஒரே பேச்சில் நின்றன. எது யார் மயிர் என்று யாருக்குமே தெரியாதபடி கலந்தால் சரி.

கத்தரித்து எடுத்து, கையால் பிய்த்துப் பிய்த்துக் கலந்தாள். எங்கே கலந்தது? இங்கே ஒரு கறுப்புக் கட்டி, அங்கே ஒரு வெள்ளைக் கட்டி. தக்கிளியில் திரித்தால் கறுப்பு முடிந்து வெள்ளை தொடங்குகிற இடத்தில் நூல் அறுந்தது. முடிந்தாள், அறுந்தது. மறுபடி முடிந்தாள், மறுபடி அறுந்தது. ஐந்து நாள் அப்படியே போயிற்று.

ஆறாம் நாள் காலையில் ஒரு முள்ளெலி, குவித்து வைத்திருந்த மயிருக்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்தது. அதன் முதுகு முள்ளில் ஒட்டிய மயிரைப் பார்த்தாள். தலை வாரினது மாதிரி சிக்கில்லாமல் நேராக நின்றது. பின்னாலேயே அதன் பெண்டாட்டியும் வந்தது. அப்போதெல்லாம் ஆண் முள்ளெலிக்கு முள் முழுக்கக் கறுப்பு, பெண்ணுக்கு முழுக்க வெள்ளை.

"அண்ணே, உங்க ரெண்டு பேர் முதுகையும் எனக்கு ரெண்டு நாளு தர்றீங்களா?" என்று கேட்டாள்.

"முதுகையா? கழட்டியா தர முடியும்?" என்றது ஆண்.

"நீங்க சும்மா இருங்க," என்றது பெண். "கூலி என்ன தருவ தாயி? எங்களுக்கும் நாலு குட்டி இருக்கு. இன்னும் முள்ளு மொளைக்கல. வெறுந்தோலு, நடுங்குது."

"சீவி முடிச்சதும் கடைசியா உங்க முள்ளுல நிக்கிற கொத்து உங்களுக்கு," என்றாள் சென்னம்மா.

ஆணை மடியில் குப்புற வைத்து, அதன் முள்ளில் மயிரைப் பரப்பினாள். பெண்ணை மல்லாக்கப் பிடித்து மேலே கவிழ்த்து இழுத்தாள்.

"ஐயோ, வானம் கீழ போயிருச்சு!" என்றது பெண்.

"இத்தனை நாளா எம்மேல முள்ளா விழுவ. இன்னிக்குக் கூலிக்கு விழற, அவ்வளவுதான்," என்றது ஆண்.

இழுக்க இழுக்க மயிர் கலந்தது. கறுப்பு தெரியவில்லை, வெள்ளை தெரியவில்லை, மழை மேகம் போல ஒரே நிறம். நூல் அறுபடவில்லை. சென்னம்மா சந்தோஷத்தில் வேகமாக இழுத்தாள், பனிக்குப் பயந்து இன்னும் வேகமாக இழுத்தாள். மயிர் மட்டும் கலக்கவில்லை என்பதை அவள் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் சீவி முடித்துக் கீழே விட்டபோது, இரண்டு முள்ளெலிக்கும் ஒவ்வொரு முள்ளிலும் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் வெள்ளை. எது ஆண், எது பெண்?

"நீதானே நான்?" என்றது ஒன்று.

"நான் நான்தான். நீங்க யாரு?" என்றது மற்றது.

சென்னம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கூலியை யாரிடம் கொடுப்பது? ஒன்றின் முன்னால் அந்தக் கொத்தை வைத்தாள். அது எடுத்துக்கொண்டு வளைக்குள் போயிற்று.

அவள் இரவு பகல் பாராமல் திரித்து நெய்தாள். பத்தாம் நாள் நூல் தீர்ந்துவிட்டது. கம்பளி ஒரு சாண் குறைந்தது. பிள்ளையின் கழுத்துவரை போர்த்தினால் கால் இரண்டும் வெளியே கிடந்தது. கருப்பியும் வெள்ளச்சியும், "பூராவும் என் மயிருதான்" என்று ஆளுக்கொரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தனவே தவிர, கத்தரிக்க இனி அவற்றின் உடம்பில் ஒன்றும் இல்லை.

மிச்சம் இருந்தது அந்த ஒரு கொத்துதான். சென்னம்மா வளைக்குப் போனாள்.

"அந்தக் கொத்தைத் திருப்பிக் குடு. எம்புள்ள காலு சில்லுன்னு ஆயிருச்சு," என்று கையை நீட்டினாள்.

உள்ளே இருந்த முள்ளெலி கொத்தை வயிற்றோடு அணைத்தது. தலையை உள்ளே இழுத்தது, காலை உள்ளே இழுத்தது, பந்தாகச் சுருண்டது. அவள் விரலில் முள் ஏறி ரத்தம் வந்தது.

"வாக்கு குடுத்துட்டுப் பறிக்க வந்தியா தாயி?" என்று பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "எங்களை ஒண்ணாக்கிட்டுப் போயிட்ட. குட்டிங்க யாரு அம்மான்னு தெரியாம ரெண்டு நாளு பால் குடிக்கல. கலந்துபோன முள்ளைப் பாத்து எங்க கிட்டயே பயந்துச்சு. இந்த மயிரு வயித்துல பட்ட பெறகுதான், மெத்துன்னு இருக்கறது அம்மான்னு வந்து ஒட்டிக்கிச்சு. இதையும் குடுத்துட்டா எம்புள்ளைங்க என்னை எப்படிக் கண்டுபிடிக்கும்?"

சென்னம்மாவுக்குத் தன் பிள்ளையின் கால் பெரிதா, அந்தக் குட்டிகளின் தாய் பெரிதா? அவள் செய்யப்போனது தப்பா, தாயாகச் செய்ததா? எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேனோ. அவள் கையை இழுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, கம்பளிக்கு வெளியே கிடந்த இரண்டு பிஞ்சுக் காலையும் முள் குத்திய அந்தக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பனி முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

முள்ளெலிக்கு அந்தக் கொத்து வயிற்றிலேயே ஒட்டிப்போயிற்று. ஒண்டிப் படுத்த குட்டிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. அப்பனுக்கு எப்படி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்று முதல்தான் முள்ளெலியின் ஒவ்வொரு முள்ளும் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கிறது, யார் கை நீட்டினாலும் வயிற்றை மறைத்துச் சுருண்டுகொள்கிறது. அன்று முதல்தான் நாங்களும் சீவி முடித்ததும் கடைசிக் கொத்தைப் பலகையிலேயே விட்டுவிடுகிறோம். பிள்ளைக்கு நெய்கிற கம்பளியை ஒரு சாண் குறைத்தே நெய்கிறோம். அந்த ஒரு சாண் குளிருக்குப் பெற்றவள் தன்…

"ஏ கெம்பம்மா! புள்ள முழிச்சுக்கிச்சு, காலை ஒதைச்சுக்கிட்டுக் கெடக்கான் பாரு!"

இதோ வந்துட்டேன் அத்தே, கை…