ஆவுடை தைத்த ஒட்டுப்பாவாடை

கிட்ட வந்து உட்காருங்கள். பெரியவர்களும் வாருங்கள், சின்னவர்களும் வாருங்கள். இது சிரிப்புக் கதை இல்லை. ஆனாலும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய கதை.

மண் கறுப்பாகவும் பருத்தி வெள்ளையாகவும் விளைகிற ஒரு நாட்டில், வெகுகாலத்துக்கு முன்னே ஓர் அரசன் ஆண்டுவந்தான். அவனைக் கொடியவன் என்று யாரும் சொன்னதில்லை. அவன் யாரையும் கழுவில் ஏற்றவில்லை. யார் வீட்டையும் கொளுத்தவில்லை. நல்ல சேதி என்றால் காது நீட்டுவான். கெட்ட சேதி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவ்வளவுதான் அவனிடம் இருந்த குற்றம்.

அந்த அரசனுக்கு ஏழடுக்கு மாளிகை கட்ட ஆசை வந்தது. அதற்குக் கல் வேண்டும், மரம் வேண்டும், கடல் தாண்டி வரும் பளிங்கு வேண்டும். பளிங்குக்கு ஈடாகக் கப்பல்காரர்கள் துணி கேட்டார்கள். உடனே ஊர் ஊராக முரசு அறைந்தார்கள்.

"ஒவ்வொரு வீட்டிலும் நெய்கிற துணியில் பாதி அரண்மனைக்கு!"

பாதி போயிற்று. மிச்சப் பாதியை உடுத்துவதா, விற்றுக் கம்பு வாங்குவதா? வயிறு முதலில் கத்தும். உடம்பு பிறகுதான் கத்தும். ஜனங்கள் துணியை விற்றுக் கம்பு வாங்கினார்கள். பழைய சேலையைக் கட்டினார்கள். அது கிழிந்தது. கிழிந்ததையே கட்டினார்கள்.

அந்த நாட்டில் வேலங்காடு என்று ஓர் ஊர். அங்கே ஆவுடை என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் மாளிகை வேலைக்குப் போன இடத்தில் கல் சரிந்து இறந்துபோனான். ஆவுடைக்கு மிஞ்சியது ஒரு தறியும் ஒரு மகளும். மகள் பெயர் பிச்சி. பால் பற்கள் விழுந்துகொண்டிருந்த வயது.

ஆவுடையின் கை விசேஷமான கை. எறிகிற பொருள் அவள் கைக்குப் போனால் எடுத்து வைக்கிற பொருளாகிவிடும். உடைந்த சிரட்டையை இழைத்து வளையல் செய்வாள். பனையோலையைச் சுருட்டிக் காதுக்குத் தோடு செய்வாள். இதையெல்லாம் அவள் பெருமைக்குச் செய்யவில்லை. வாங்க வழியில்லை, அதனால் செய்தாள்.

அரண்மனையில் ஒரு மந்திரி இருந்தார். நல்ல மனுஷர். அவர் ஒருநாள் அரசன் முன்னால் கைகட்டி நின்று சொன்னார்: "மகாராஜா, ஜனங்கள் கந்தல் கட்டுகிறார்கள். பாதி என்பதைக் கால் என்று குறைக்க வேண்டும்."

அரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, "நானே போய்ப் பார்க்கிறேன். என் கண்ணுக்குக் கந்தல் தெரிந்தால் குறைத்துவிடுகிறேன்" என்றான்.

முதலில் பார்க்கப்போகிற ஊர் வேலங்காடு என்று முடிவாயிற்று.

சேதி வந்ததும் ஊர்ப்பெரியவர் சங்கிலி எல்லோரையும் கூட்டினார். "ஒண்ணும் ஜோடிக்க வேண்டாம். இருக்கிறபடி வந்து நில்லுங்க. ராஜா கண்ணால பார்க்கட்டும்" என்றார். எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். ஆவுடையும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பிச்சி கேட்டாள்: "அம்மா, ராஜா முன்னால இதைக் கட்டிக்கிட்டா நிக்கணும்? பின்னால கிழிஞ்சிருக்கே. எல்லாரும் பார்ப்பாகளே."

பிள்ளை இரண்டு கையையும் பின்னால் வைத்துக் கிழிசலைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் ஆவுடைக்கு ஊர்க்கூட்டத்தில் பேசிய பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

தறியில் கழிந்த நூலையும், சாக்கு ஓரத்தையும், புருஷன் விட்டுப்போன தலைப்பாகைத் துண்டையும் எடுத்தாள். மாதுளைத் தோலைக் கொதிக்கவைத்து மஞ்சள் சாயம் இறக்கினாள். துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த கஞ்சியில் ஊறப்போட்டுக் கறுப்பு எடுத்தாள். அவுரி இலையை அழுகவைத்து நீலம் எடுத்தாள். துண்டு துண்டாக ஒட்டி, கிளி ஒன்று, மயில் ஒன்று, மாம்பிஞ்சு ஒன்று வருகிற மாதிரி ஒரு பாவாடை தைத்தாள். பூசணி விதையையும் குன்றிமணியையும் கோத்துக் கழுத்துக்குப் போட்டாள். கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்த திரியை எரித்து மை கூட்டினாள். உசிலைத் தூள் தேய்த்துத் தலை குளிப்பாட்டினாள்.

பிச்சி ஒரு சுற்றுச் சுற்றினாள். பாவாடை குடையாக விரிந்தது.

பக்கத்து வீட்டுக் குருவம்மா எட்டிப் பார்த்தாள். "மதினி, எம் புள்ளைக்கும் இப்படி ஒண்ணு பண்ணிக் குடேன்" என்றாள். அடுத்து இன்னொருத்தி வந்தாள். பிறகு தெருவே வந்தது. ஆவுடை யாருக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சாயம் போடக் கற்றுக்கொடுத்தாள், ஒட்டுப்போடக் கற்றுக்கொடுத்தாள், ஓலைத்தோடு சுருட்டக் கற்றுக்கொடுத்தாள். அந்த வருஷத்தில் வேலங்காட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தது அந்தச் சில நாள்தான்.

அரசன் வருகிற அன்று காலையில் சங்கிலி தெருவைப் பார்த்தார். நேரே ஆவுடை வீட்டுக்கு வந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டே தாயி?"

"பிள்ளைக மானமா நிக்கட்டும் பெரியவரே. ராஜா கேட்டா வாயால சொல்லிட்டாப் போச்சு" என்றாள் ஆவுடை.

வாயால் சொல்வது அவ்வளவு லேசு என்று அவள் நினைத்தாள்.

அரசன் வந்தான். யானை வந்தது, வேல்காரர்கள் வந்தார்கள், கொம்பு ஊதினார்கள். தெருவின் இரு பக்கமும் மஞ்சளும் நீலமும் கறுப்புமாகப் பிள்ளைகள் நின்றார்கள். அரசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிச்சியின் முன்னால் யானையை நிறுத்தச் சொல்லி இறங்கினான்.

"அடடா! என் அந்தப்புரத்தில்கூட இப்படி ஒரு பாவாடை இல்லையே! யார் மகள் நீ?"

பிச்சி வெட்கத்தோடு அம்மாவைக் காட்டினாள். அரசன் ஆவுடையிடம் திரும்பினான். "சொல் அம்மா, உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?"

கேளுங்கள், இதுதான் கதையின் முடிச்சு. எந்தக் கேள்விக்காக ஊரே காத்திருந்ததோ அந்தக் கேள்வி வந்துவிட்டது. ஆவுடை யானையைப் பார்த்தாள். வேல்களைப் பார்த்தாள். ராஜா மெச்சிய சந்தோஷத்தில் பல் விழுந்த வாயோடு சிரிக்கிற மகளைப் பார்த்தாள். "இது கந்தல்" என்று அந்த முகத்துக்கு எதிரே எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் அவள் வாயில் வந்தது.

"மகாராஜா புண்ணியத்துல நல்லா இருக்கோம்."

சங்கிலி முன்னால் ஓடிவந்தார். "மகாராஜா, நம்பாதீங்க! அதெல்லாம் கந்தல். கந்தலைத்தான் ஒட்டிப்போட்டிருக்காக!"

"கந்தலா?" அரசன் இன்னும் மகிழ்ந்துபோனான். "மந்திரி, கேட்டீரா? கந்தலிலிருந்தே இவ்வளவு அழகு செய்யத் தெரிந்தவர்களுக்கு முழுத்துணி எதற்கு? பாதி போதாது. இனி முக்கால் பங்கு அனுப்பட்டும்."

பிச்சியின் கையில் ஒரு பிடி கற்கண்டு கொடுத்துவிட்டு யானை ஏறினான்.

யாரும் ஆவுடையை அடிக்கவில்லை. யாரும் ஏசவும் இல்லை. அவள் அடுப்புக்கு நெருப்புக் கேட்டுப் போனால், "எங்க வீட்லயும் அணைஞ்சுபோச்சு" என்றார்கள். அதற்கு ஏச்சே தேவலை என்று இருந்தது அவளுக்கு. குருவம்மா ஒருத்திதான் பழையபடி பேசினாள்.

அத்தோடு விட்டிருந்தால்கூட ஆறியிருக்கும். அரசன் ஒரு வண்டியை அனுப்பினான். ஊர் ஊராகப் போய் ஆவுடை தன் சிக்கனத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். "நான் வரலைங்க, எனக்குச் சின்னப்புள்ள இருக்கு" என்று கெஞ்சினாள். "அரச கட்டளை" என்றார்கள். பிச்சியைக் குருவம்மா வீட்டில் விட்டுவிட்டு வண்டி ஏறினாள்.

முதல் ஊரில் பெண்கள் பானகம் கரைத்துக் கொடுத்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள். பின்னாலேயே முரசு வந்தது: முக்கால் பங்கு.

இரண்டாம் ஊரில் பெண்கள் பேசாமல் கற்றுக்கொண்டார்கள். அவள் புறப்பட்டாள். பின்னாலேயே முரசு வந்தது: முக்கால் பங்கு.

மூன்றாம் ஊரில் வண்டியின் சத்தம் கேட்டதுமே கதவுகளைச் சாத்தினார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் மட்டும் கேட்டது: "ஏ தாயி, நீ போற பாதையில புல் முளைக்குமா?"

ஆவுடை வண்டியில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான்.

அவள் ஊர் திரும்பியபோது மார்கழி பிறந்துவிட்டது. பிச்சி சுருண்டு படுத்திருந்தாள். தொட்டால் சுட்டது. மேலே அந்தக் கிளியும் மயிலும் போட்ட பாவாடைதான் கிடந்தது. கண்ணுக்கு அது குளிர்ச்சி. ஆனால் உடம்புக்குச் சூடு தராது. ஒட்டுக்கு ஒட்டு தையல் விட்டு, அதன் வழியே பனி இறங்கியது. குருவம்மா தன் சேலையைப் பாதி கிழித்து ஏற்கெனவே பிள்ளைமேல் போட்டிருந்தாள். ஆவுடை வைக்கோலைப் போட்டு மூடினாள். சாக்கைப் போட்டு மூடினாள். கடைசியில் தன் உடம்பைப் போட்டு மூடினாள்.

"அம்மா, குளிருது" என்றாள் பிச்சி. மறுபடியும், "அம்மா, குளிருது" என்றாள். அப்புறம் சொல்லவில்லை.

பிள்ளையை அடக்கம் செய்யக் கோடித்துணி வேண்டும். பருத்தி விளைகிற ஊர், தறி ஓடுகிற ஊர். எந்த வீட்டிலும் ஒரு முழம் புதுத்துணி இல்லை. ஆவுடை தன் முந்தானையைக் கிழித்து, ஊர்ப்பெண்கள் ஆளுக்கொரு துண்டாகக் கொண்டுவந்து போட்டதையும் சேர்த்து, ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தாள். அவள் கைக்கு அசிங்கமாகத் தைக்கத் தெரியாதே! அதிலும் ஓரம் நேராக வந்தது, நிறம் நிறத்தோடு சேர்ந்தது.

குருவம்மா அழுதுகொண்டே, பழக்கத்தில், "எவ்வளவு அழகா வந்திருக்கு மதினி" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பிறகு ஆவுடை ஊசியைத் தொடவில்லை.

அடுத்த அறுவடை வந்தது. மாளிகை ஆறடுக்கு எழும்பியிருந்தது. ஏழாவது அடுக்குக்குப் பளிங்கு போதவில்லை. மந்திரி மறுபடியும் கைகட்டி நின்றார். "மகாராஜா, இன்னொரு தடவை வந்து பாருங்கள்" என்று மன்றாடினார். அரசன் இந்தத் தடவை இளைய ராணியையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

இருக்கிறபடி நில்லுங்கள் என்று இந்த முறை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜோடிக்க யாரிடமும் எதுவும் இல்லை. தோள் தெரிந்தது, விலா தெரிந்தது. கிழிசல்தான் உடையாக இருந்தது. ஆவுடை எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள். சங்கிலி பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுந்து நிற்கத் தெம்பு இல்லை.

இளைய ராணி பல்லக்கின் திரையை விலக்கினாள். கைகொட்டினாள்.

"பாருங்கள், பாருங்கள்! போன வருஷம் ஒட்டு என்றீர்களே, இந்த வருஷம் கிழிசலையே வேலைப்பாடாக விட்டிருக்கிறார்கள்! எவ்வளவு புதுமை!"

"அந்தப் பெண்ணின் கைவண்ணம் அது" என்றான் அரசன்.

ஆவுடை தரையில் விழுந்தாள். "மகாராஜா, இது வேலைப்பாடு இல்லை. கந்தல். வெறும் கந்தல். அன்னிக்கு நான் சொன்னது பொய். நாங்க நல்லா இல்லை. எம் புள்ள குளிர்ல செத்துப்போச்சு, மகாராஜா. மூடக் கோடித்துணி இல்லை."

அரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபப்படவில்லை. மெதுவான குரலில் ராணியிடம் சொன்னான்: "பாவம், பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம். ஏதோ பேசுகிறாள். மனம் தேறினால் முன்போல் அழகழகாகச் செய்வாள்."

மந்திரி வாயைத் திறந்தார். அரசன் கையைக் காட்டி நிறுத்தினான். "உமக்கு எதைப் பார்த்தாலும் குறைதான். கிழிசலிலும் கலை செய்கிற ஜனங்கள் இவர்கள். மிச்சம் இருக்கிற கால் பங்கையும் எடுத்துக்கொள்ளச் சொல்லும்."

எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மாதமே அந்தப்புரத்தில் புது வழக்கம் ஒன்று வந்தது. ராணிகளும் தோழிகளும் தறியிலிருந்து வந்து மடிப்புக் கலையாத புதுச் சேலைகளைக் கத்தியால் கிழித்து உடுத்திக்கொண்டார்கள். அதற்கு 'வேலங்காட்டு மோஸ்தர்' என்று பெயர் வைத்தார்கள். கிழித்தெடுத்த துண்டுகளைக் கூட்டிப் பெருக்கி அடுப்பில் போட்டார்கள்.

வேலங்காட்டில் முதலில் ஒரு குடும்பம் போயிற்று. பிறகு ஒரு தெரு போயிற்று. கடைசியில் சங்கிலியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மிச்சம் இருந்தவர்களும் போனார்கள். குருவம்மா ஆவுடையைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வா மதினி. இங்க இருந்து என்ன செய்யப்போறே?"

ஆவுடை வரவில்லை. மகள் அடங்கிய மண்ணை விட்டு அவளால் நகர முடியவில்லை. வழிப்போக்கர் யாராவது வந்தால் ஓடிவந்து மறித்து, "கந்தலைக் கந்தல்னு சொல்லுங்க, ராஜாகிட்ட முதல்லயே சொல்லிடுங்க" என்பாள். சிலர் நின்று கேட்டார்கள். பலர் பைத்தியம் என்று விலகிப் போனார்கள். அவள் எப்போது செத்தாள் என்று யாருக்கும் தெரியாது; பார்க்க அங்கே ஆள் இல்லை.

மாளிகை ஏழடுக்கும் முடிந்துவிட்டது.

கேட்டீர்களா? கதை சொல்கிற நீதி இது: உன் இல்லாமைக்குக் காரணமானவன் முன்னாலேயே அந்த இல்லாமையை அழகாக மூடிவைத்தால், அவன் உன்னிடம் மிச்சம் இருப்பதையும் எடுத்துக்கொண்டு போவான்.