மூக்கில் ஒட்டிய வெள்ளை மண்

காட்டோரத்தில் ஒரு குளம் இருந்தது. குளக்கரைப் புங்க மரத்தின் வேருக்கடியில் எலிகள் கூட்டமாகக் குடியிருந்தன. அவற்றின் வளை ஒன்றும் அழகாக இருக்காது, கோணல் மாணலாகப் போகும். ஆனால் எந்த எலியும் அதற்குள் வழி கேட்டதில்லை. நெல் அறையில் நெல் மணக்கும், கடலை அறையில் கடலை மணக்கும். இடதுபக்க மூலையில் ஒரு குறுகலான வாசல் உண்டு. ஆபத்து என்றால் எலிகள் யோசிக்க மாட்டா. கால்கள் தாமாகவே அந்த மூலைக்கு ஓடும்.

அதே கரையில் துரை என்றொரு பெருச்சாளி இருந்தது. உடம்பு பெரிது, வாய் அதைவிடப் பெரிது. ஒருநாள் அது எலிகளின் தலைவரான பெரியமீசையைத் தேடி வந்தது.

“என்ன மீசை, இன்னும் இந்தப் பழைய வளையிலதான் காலத்தை ஓட்டுறீங்களா?”

“ஏன் ஐயா, இதுல என்ன குறை?”

“குறை என்னன்னு தெரியலையே, அதுதான் பெரிய குறை! மேல்கரை முயலெல்லாம் எங்கேயோ போயிடுச்சு. நீங்க இன்னும் மூலையில ஒரு பொந்தை வச்சுக்கிட்டு நெளிஞ்சு நெளிஞ்சு வர்றீங்க. என்கிட்ட விடுங்க. அடையாளமே தெரியாம மாத்தித் தர்றேன்.”

மேல்கரை முயல்களைப் பற்றிப் பெரியமீசைக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் தலையை ஆட்டிவிட்டது.

பெருச்சாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. எலிகள் வயலுக்கு இரை தேடப் போய்த் திரும்பியபோது வளை அடையாளமே தெரியவில்லை. மூலைவாசலை அடைத்து, அதன்மேல் வெள்ளை மண்ணைப் பூசியிருந்தது. வளையின் நடுவில் அகலமாக ஒரு புதுவாசல் திறந்திருந்தது. அறைகளின் வாய் எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. நெல்லும் மணக்கவில்லை, கடலையும் மணக்கவில்லை. காலையில் கணினியைத் திறந்ததும், நேற்றுவரை மூலையில் இருந்த பொத்தான் காணாமல் போயிருக்குமே, அப்போது நமக்கு வருகிற எரிச்சல்தான் அன்று எலிகளுக்கும் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் அதை வெளியே காட்டாமல் மறைத்துக்கொண்டது.

“பார்த்தீங்களா, எவ்வளவு சுத்தமா இருக்கு!” என்றது பெருச்சாளி.

“சுத்தமா இருக்கு ஐயா. ஆனா நெல் எங்கே?” என்று கேட்டது பெரியமீசை.

“இனிமே நெல்லுன்னு தேடக் கூடாது. ‘உணவு’ன்னு ஒரு வழி இருக்கும். அதுக்குள்ள போனா ‘தானியம்’. அதையும் தாண்டினா ‘மற்றவை’. நெல் அதுலதான் இருக்கும்.”

பெரியமீசை அப்படியே போனது. கழிப்பறையில் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வெளியே வந்து, “ரொம்ப விசாலமா இருக்கு ஐயா” என்று சொன்னது. இந்த மாதிரித் தலைவர்கள் வாய்ப்பதற்கும் ஒரு யோகம் வேண்டும்.

புதுவாசல் சரியாகப் பெருச்சாளியின் இடுப்பளவுக்கு இருந்தது. இதை யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து, “ஏதாவது சிரமம் இருக்கா?” என்று விசாரிக்கப் பெருச்சாளி அடிக்கடி உள்ளே வரும். விசாரித்துவிட்டுப் போகும்போது அதன் கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். அந்த வளையில் நெல் இருக்கும் இடம் தப்பாமல் தெரிந்தது அது ஒன்றுக்குத்தான்.

கூட்டத்தில் நெல்லி என்றொரு தாய் எலி இருந்தது. அதன் குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. மூலைவாசலுக்குப் பக்கத்து அறையில்தான் அவற்றைப் போட்டிருந்தது. முன்பெல்லாம் ஆபத்து என்றால் குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஒரே தாவலில் வெளியே போய்விடலாம். இப்போது வளை முழுவதையும் கடந்து நடுவாசலுக்கு வர வேண்டும்.

“ஐயா, அழகெல்லாம் இருக்கட்டும். அந்த மூலைவாசலை மட்டும் திறந்து வச்சிடுங்க. குட்டிங்க இருக்கு” என்று கெஞ்சியது.

“போகப் போகப் பழகிடும்மா” என்றது பெருச்சாளி.

“பழகறதுக்குள்ள பாம்பு வந்துட்டா?”

பெருச்சாளி பெரியமீசையைப் பார்த்துச் சிரித்தது. “எல்லா வளையிலயும் இப்படி ஒண்ணு இருக்கும், மீசை.”

பெரியமீசையும் சிரித்தது. அது சிரித்ததால் மற்ற எலிகளும் சிரித்தன.

பவிசு என்கிற எலி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது. புதுவழிகளை முதலில் மனப்பாடம் செய்ததும் அதுதான். யாராவது அறை தெரியாமல் விழித்தால் போதும், முன்னால் வந்து நிற்கும்.

“இதுகூடத் தெரியலையா அக்கா? ரெண்டு தடவை இடதுபக்கம் திரும்பி, மேலே ஏறி, திரும்ப இறங்கினா கடலை. எவ்வளவு சுலபம்!”

“முன்னாடி நேரே போனா கடலை, தம்பி” என்றது நெல்லி.

“நீங்க மாற மாட்டீங்க அக்கா” என்று பரிதாபப்பட்டது பவிசு.

நெல்லியால் மாற முடியவில்லை என்பது உண்மைதான். வெளியே ஒரு சருகு சலசலத்தால் போதும், கால் மூலைக்கு ஓடிவிடும். மூக்கு சுவரில் போய் முட்டும். திரும்பும்போது மூக்கு நுனியில் வெள்ளை மண் ஒட்டியிருக்கும். அதைக் கண்டு எலிகள் வாலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ‘வெள்ளைமூக்கி’ என்று பட்டப்பெயரும் வைத்தன. நெல்லி மண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. முட்டியது முட்டியதுதானே, அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டது.

மற்ற எலிகள் துடைத்துக்கொண்டன. இதுதான் விஷயம். பெரியமீசை முட்டியது. அதன் மனைவி முட்டியது. நெல்லிக்குப் பட்டப்பெயர் வைத்த எலி நாள் தவறாமல் முட்டியது. யாரும் பார்க்காதபோது முட்டிவிட்டு, மூக்கைக் காலில் தேய்த்துத் துடைத்துவிட்டு, கூட்டத்துக்கு வந்து, “எனக்கெல்லாம் சட்டுனு பழகிடுச்சு” என்று பேசின. ஒவ்வொன்றும் தான் மட்டும்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டது. அந்த நினைப்பில் தவறு ஒன்றுதான்: ‘மட்டும்’ என்பது.

உண்மையிலேயே முட்டாதது பவிசு ஒன்றுதான். அதற்கு நிஜமாகவே பழகிவிட்டது.

ஒரு நாள் நண்பகல். எலிகள் உள்ளே படுத்திருந்தன. குளத்தில் தவளை பிடித்து அலுத்துப்போன ஒரு சாரைப்பாம்பு கரையேறி வந்தது. பழைய வளை அதற்குத் தெரியும். அந்தக் குறுகலான மூலைவாசலில் பலமுறை தலையை விட்டுப் பார்த்து ஏமாந்து போன பாம்பு அது. இன்று பார்த்தால் நடுவில் அகலமாக ஒரு வாசல், வா வா என்று திறந்து கிடந்தது.

“யாரோ புண்ணியவான்” என்று சொல்லிக்கொண்டே சாரை உள்ளே நுழைந்தது.

வாடை முதலில் நெல்லிக்குத்தான் எட்டியது. “பாம்பு! பாம்பு!” என்று கத்தியது.

வளையே அலறியடித்துக்கொண்டு எழுந்தது. பவிசு மட்டும் பதறவில்லை. “யாரும் கலையாதீங்க! அவசரம்னா எல்லாரும் நடுவாசலுக்குத்தான் போகணும். என் பின்னாடி வாங்க!” என்று சொல்லிவிட்டு, படித்த பாடம் பிசகாமல் இடதுபக்கம் திரும்பி, மேலே ஏறி, இறங்கி, நடுவாசலுக்கு ஓடியது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவாசலில் சாரை இருந்தது. வழி தேடி அலையும் சிரமம் அதற்கு இல்லாமல் போயிற்று.

மற்ற எலிகளின் கால்கள் மூலைக்கு ஓடின. எல்லாக் கால்களும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் மொத்தக் கூட்டமும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு எலியும் மற்றதை அதிசயமாகப் பார்த்தது.

“நீங்க எங்கே இந்தப் பக்கம்?” என்று பெரியமீசையைக் கேட்டது ஒரு எலி.

“சும்மாதான். சுவர் எப்படி இருக்குன்னு பார்க்கலாம்னு” என்றது பெரியமீசை.

நெல்லி குட்டிகளை இழுத்து வந்து காலடியில் போட்டது. சுவரைப் பார்த்தது. தன் மூக்கு பட்ட இடம் பள்ளமாகியிருப்பது அதற்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் இன்னொரு பள்ளம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பெரியதும் சின்னதுமாகச் சுவர் முழுக்கப் பள்ளங்கள். ஒரு பள்ளத்தின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

அதற்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “அட, வெட்கங்கெட்டவங்களா! நீங்க எல்லாருமா முட்டிக்கிட்டு இருந்தீங்க? சொல்லியிருந்தா ஒரே நாள்ல திறந்திருப்போமே! முட்டுங்க இப்போ!”

பெரியமீசை தயங்கியது. “எல்லார் முன்னாடியுமா? பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“பார்க்கறதுக்கு இனிமே பாம்புதான் இருக்கு!”

பின்னால் பவிசின் கீச்சுக்குரல் ஒருமுறை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. அதன் பிறகு யாருக்கும் தயக்கம் இல்லை. அவரவர் பள்ளத்தை அவரவர் மூக்கு தேடிக்கொண்டது. எல்லாம் சேர்ந்து முட்டியதில் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. நெல்லி ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டுபோய் இலந்தைப் புதருக்குள் சேர்த்தது. மற்ற எலிகளும் விழுந்தடித்துக்கொண்டு வெளியேறின. பவிசை விழுங்கிய சாரை பின்னால் வந்து, பழைய குறுகலான வாசலில் தலையை விட்டுப் பார்த்தது. உடம்பு நுழையவில்லை. நடுவாசல் வழியே திரும்பிப் போய்விட்டது.

பாம்பு போனதை மரத்து மறைவிலிருந்து பார்த்துவிட்டுத்தான் பெருச்சாளி வந்தது. உடைந்த மூலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

“உங்க கஷ்டமெல்லாம் எனக்குத் தெரியும். அதான் யோசிச்சு யோசிச்சு உங்களுக்காகப் புதுசா ஒரு வசதி கொண்டு வந்திருக்கேன். இதுக்குப் பேரு மூலைவாசல்!”

எலிகள் வாயைப் பிளந்தன. எல்லா மூக்கிலும் வெள்ளை மண் அப்பியிருந்தது.

“பவிசு போயிட்டானே ஐயா” என்றது ஓர் எலி.

“வாசல்மேல ஒரு குறையும் இல்லை. பாவம், அவனுக்கு அதைச் சரியாப் பயன்படுத்தத் தெரியலை” என்றது பெருச்சாளி.

பெரியமீசை மூக்கைத் துடைத்துக்கொண்டது. “ஐயா எவ்வளவு முன்யோசனையோட செஞ்சிருக்கார் பாருங்க!” என்று சொல்லிக் கைதட்டியது. மற்ற எலிகளும் அவசர அவசரமாக மூக்கைத் துடைத்துக்கொண்டு கைதட்டின.

நெல்லி கைதட்டவில்லை. “துரை ஐயா, ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். உங்க சொந்த வளைக்கு வாசல் எங்கே இருக்கு?”

பெருச்சாளி குளத்தைப் பார்த்தது. “அது வந்து... மூலையிலதான். எனக்கு அப்படியே பழகிப்போச்சு.”

நெல்லி குட்டிகளைக் கவ்விக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்த் தனியாக ஒரு வளை தோண்டியது. அதன் வாசலை இடதுபக்க மூலையில் வைத்தது. மற்ற எலிகள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. அடுத்த மழைக்குள் மூலைவாசலை மேற்கூரைக்கு மாற்றித் தருவதாகப் பெருச்சாளி சொல்லியிருக்கிறது.

முட்டிக்கொண்டதைச் சொல்ல வெட்கப்பட்டு, மூக்கைத் துடைத்துவிட்டுக் கைதட்டுகிற கூட்டத்துக்கு, எந்தப் பெருச்சாளியும் தன் இடுப்பளவுக்குத்தான் வாசல் வைத்துக் கொடுக்கும்.