சேறு படாத பூட்ஸ்

முன்னொரு காலத்திலே, மழை ஓயாத ஸ்காட்லாந்து மலைகளுக்கு நடுவிலே, லாகாபர் என்றொரு நாடு இருந்தது. கோட்டை வாசலில் மூன்று காவலர்கள். ஆளுக்கொரு லாகாபர் கோடரி. ஆளைவிட உயரமான கம்பு, நுனியில் முழநீள அலகு, அதன் முதுகில் ஓர் இரும்புக் கொக்கி. அலகைத் தினமும் பளபளவென்று தீட்டுவார்கள். கொக்கியை? அதில் கஞ்சிச் சட்டியை மாட்டி அடுப்பில் பிடிப்பார்கள்!

ஒருநாள் டக் டக் டக்! கறுப்புக் குதிரையில் வந்தான் மந்திரவாதி மோர்க்கன்.

"கோட்டைச் சாவியைக் கொடு!"

முதல் காவலன் அலகால் வெட்டினான். கல்லானான். இரண்டாமவன் வெட்டினான். கல்லானான். மூன்றாமவன் லாக்லனும் வெட்டினான். காலிலிருந்து கல் மெல்ல மெல்ல ஏறியது.

"பொழுது சாயும்போது வருவேன். சாவி இல்லையென்றால் ஊரே கல்! நட, கறுப்பா!" என்று குதிரையைத் தட்டிவிட்டான் மோர்க்கன்.

அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள் லாக்லனின் தங்கை இஷ்பெல். கஞ்சி காய்ச்சுபவள். கேட்ட குரலை அப்படியே பேசிக்காட்டும் வாலு.

"அண்ணா, எதுவரைக்கும் ஏறிடுச்சு?"

"இடுப்புவரைக்கும். ஓடிப் போயிடு, கழுதை!"

"மாட்டேன். அவன் பூட்ஸைப் பார்த்தியா? ஒரு துளி சேறு இல்லை. நம்ம ஊர்ல சேறு படாத பூட்ஸா? அவனுக்குத் தரைன்னா பயம்!"

பொழுது சாய்ந்தது. கல் லாக்லனின் கழுத்தைத் தொட்டது. இஷ்பெல் அண்ணன் நழுவவிட்ட கோடரியைத் தூக்கி, சட்டி மாட்டும் கொக்கியை முன்னால் திருப்பினாள்.

டக் டக் டக்!

"சாவி எங்கேடி, குட்டி?"

குதிரை அவள்மேல் பாய்ந்தது. இஷ்பெல் மோர்க்கனின் குரலிலேயே கத்தினாள்: "நில்லுடா, கறுப்பா!"

குதிரை அப்படியே நின்றது.

"யாரது, என் குரலில்?" என்று அவன் திரும்புவதற்குள் அவன் கழுத்துப்பட்டையில் மாட்டியது கொக்கி. இழுத்தாள், சாய்ந்தான். இழுத்தாள், ஒரு கால் நழுவியது. லாக்லனின் வாயைக் கல் மூடியது. பல்லைக் கடித்து மூன்றாம் முறை இழுத்தாள்.

தொப்!

சேற்றில் கால் பட்டதும் மோர்க்கன் புகையாய்க் கரைந்தான். காவலர்கள்மேல் படிந்த கல்லெல்லாம் படபடவென்று உதிர்ந்தது.

லாக்லன் கண்ணைத் திறந்தான். "கஞ்சி இருக்கா?"

"கோட்டைச் சாவியைக் கொடு!" என்றாள் இஷ்பெல், மோர்க்கன் குரலில். மூன்று காவலர்களும் துள்ளி விழுந்தார்கள்.

ராஜா அவளையே வாசல் தலைவி ஆக்கினார். அன்றிலிருந்து திருவிழா ஊர்வலத்தில் அந்தக் கோடரிதான் முன்னால் போகும். முதலில் பளபளப்பது கொக்கிதான். கஞ்சிச் சட்டிக்கு வேறு கம்பி வந்தது, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி கஞ்சி கூடுதலாகவே கிடைத்தது!