தேயாத பக்கம்

"என்னால முடியலீங்க அம்மணி. இந்தக் காரு என்னைக் கொன்னுதான் விடும்" என்றார் ஆறுச்சாமி.

செல்வநாயகி நிமிரவில்லை. வேறொரு வண்டியின் பிரேக் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பொள்ளாச்சியில் உடுமலை ரோட்டில் இருக்கிறது அவளுடைய பிரேக் கடை. ஆறுச்சாமி, வேலை பார்த்த மில் மூடிய பிறகு வாடகைக் கார் ஓட்டுகிறவர். சவாரி இல்லாத நேரங்களில் அவளிடம் வந்து தொழில் படித்தார். சீடருக்குத் தலை நரைத்துவிட்டது. குருவுக்கு இன்னும் நரைக்கவில்லை. அதனால் என்ன? அவள் அவரை அண்ணா என்பாள், அவர் அவளை அம்மணி என்பார். கடை நடந்தது.

"ஆர்.டி.ஓ. ஆபீசுல எஃப்.சி. குடுக்காம திருப்பி அனுப்பிட்டாங்க. பிரேக் புடிச்சா பின்னாடி இடது சக்கரம் பூட்டிக்குது, வலது பாட்டுக்கு உருளுது. நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. நாளைக்கும் போச்சுன்னா வண்டி வீட்டு வாசல்லதான் நிக்கும். பொழப்பும் போச்சு, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதும் போச்சு."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"இடது பக்க பிரேக் லைனிங் தேஞ்சு கெடந்துது. புதுசு போட்டேன். போன தடவையும் அதேதான். அதுக்கு முந்தியும் அதேதான்."

"வலது பக்கம்?"

"அது போட்ட மாதிரியே புதுசா இருக்குதுங்க. அதை எதுக்குத் தொடோணும்?"

இப்போது செல்வநாயகி நிமிர்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. தம்பி கனகராசு. அப்பாவுக்குத் துணி நனைந்துவிட்டதாம். மாற்றட்டுமா என்று கேட்டான்.

"தொடாதே! உனக்குத் திருப்பத் தெரியாது. அப்பாவுக்கு வலிக்கும். நான் வந்து மாத்தறேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"பாத்தீங்களா? அப்பா கை கால் விழுந்து படுத்ததுல இருந்து எல்லாம் நானேதான். திருப்பிப் படுக்க வெக்கறது, தொடைக்கறது, ஊட்டறது. இவன் மினுமினுன்னு சட்டை போட்டுட்டு நிக்கறான். ஒரு துரும்பை எடுத்துப் போடமாட்டான். நானும் மனுசன்தானுங்களே அம்மணி?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. களைத்துப்போன ஆளுக்கு யார் பார்த்தால் என்ன. அங்கேயே நின்று கண்ணைத் துடைத்தார்.

குரு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை.

"ஜாக்கி எடுங்ணா" என்றாள்.

காரின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். சக்கரம் இரண்டும் கழன்றன, டிரம் இரண்டும் கழன்றன. இடது பக்கத்து லைனிங்கையும் வலது பக்கத்து லைனிங்கையும் கொண்டுவந்து அவர் முன்னால் தரையில் வைத்தாள்.

"எதுல கோளாறு?"

இதென்ன கேள்வி என்பதுபோல அவர் தேய்ந்ததைக் காட்டினார். "இதுலதானுங்க. போட்டு நாளாகல, அதுக்குள்ள பாருங்க."

"தேஞ்சது வேலை செஞ்சிருக்குதுங்ணா."

ஆறுச்சாமி மற்றதைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது.

அவள் இரண்டு லைனிங்கையும் திரும்ப மாட்டினாள். இடது பக்க டிரம்மை மட்டும் மூடிவிட்டு, வலது பக்கத்தைத் திறந்தே வைத்தாள். ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தாள்.

"வலது பக்கம் அசையுதுங்களா?"

"இல்லீங்க."

"இப்ப?"

"இப்பவும் இல்லீங்க."

"சிலிண்டரைக் கழட்டுங்க."

சக்கரத்துக்குள் லைனிங்கைத் தள்ளிவிடுகிற சின்னச் சிலிண்டர் அது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தது. அவர் தட்டினார், நெம்பினார், எண்ணெய் விட்டார். ம்ஹூம்.

"சும்மாவே கெடந்து துருப் புடிச்சிருக்குது பாருங்க, சோம்பேறி நாயி!"

"அதைத் திட்டாதீங்ணா. சும்மா கெடக்க விட்டது யாரு?"

அவர் எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தார்.

"பிரேக் சரியாப் புடிக்காம பெடல் கீழ எறங்குனா, எந்தப் பக்கத்து லைனிங்கை டைட் வெப்பீங்க?"

"இடது பக்கத்தை."

"ஏன்?"

"அதுதானுங்களே புடிக்குது."

"அதுவே முந்திப் புடிச்சுக்கிட்டா, இது எப்பங்க வேலை செய்யும்?"

ஆறுச்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். கையில் அந்தத் துருப்பிடித்த சிலிண்டர் இருந்தது. அவள் டீ வாங்கிக் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை, ஆறிப்போனது.

பிறகு வேலை நடந்தது. வலது பக்கம் புதுச் சிலிண்டர். இரண்டு பக்கமும் புது லைனிங். அவர் பெடலை மிதிக்க மிதிக்க அவள் பிரேக் எண்ணெய்க் குழாயில் இருந்த காற்றை எடுத்தாள். இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்து ஒரே அளவாக வைத்தாள்.

கடைக்குப் பின்னால் காலி நிலம். ஆறுச்சாமி காரை எடுத்துப்போய்ப் பிரேக் போட்டார்.

கிறீச்!

வலது பக்கம்தான். காது கூசியது. கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"ஐயையோ, இது கத்துதுங்க! இடது பக்கத்தை இன்னுங் கொஞ்சம் டைட் வெச்சா..."

"கையை எடுங்ணா!"

அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"இத்தன நாளா வேலை செய்யாத பக்கம். மொதல்ல கத்தத்தான் செய்யும். ஓட்டி ஓட்டிப் புடிங்க, படியட்டும். பொழுது சாயற வரைக்கும் ஓட்டோணும்."

"அதுவரைக்கும் இருக்க முடியாதுங்க அம்மணி. அப்பா ஈரத்துல கெடப்பாரு."

"அப்ப நாளைக்கு எஃப்.சி.க்குப் போகாதீங்க."

சொல்லிவிட்டு அவள் மரத்தடியில் போய் நின்றுகொண்டாள். அவ்வளவுதான். இப்படிப்பட்ட குருவிடம் மாட்டிக்கொண்டால் கெஞ்சியும் பயனில்லை.

போன் அடித்தது.

"எப்பங்ணா வருவீங்க? அப்பா நனைஞ்ச துணியோடயே படுத்திருக்காரு."

ஆறுச்சாமி வலது சக்கரத்தைப் பார்த்தார். அதில் புழுதி ஒட்டியிருந்தது.

"நீயே மாத்து" என்றார்.

கனகராசின் குரல் மெதுவாக வந்தது: "நானா? எனக்குத் திருப்பத் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தெரியாதுதான். போனைக் கட் பண்ணாதே, தலைமாட்டுல வை. தோளுக்கு அடியில கையைக் குடு. இன்னொரு கை இடுப்புல. மெதுவா."

கட்டில் கிறீச்சிட்டது. அடுத்த நொடி கிழவர் அலறினார். போனில் கேட்ட அலறல் காலி நிலம் முழுக்கக் கேட்டது.

ஆறுச்சாமியின் கால் தானாக ஓரடி எடுத்து வைத்தது. அதற்குமேல் போகாமல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

செல்வநாயகி பக்கத்தில் வந்தாள்.

"சத்தம் வருதுங்களா?"

"வருதுங்க அம்மணி."

"வரட்டும். நீங்க வண்டியை எடுங்ணா."