பழசைக் கொடுத்து மூடி வாங்கிய நண்டுகள்

கடலை ஒட்டி ஒரு தாழங்காடு. அதன் அடியில், ஈர மணலில், சங்கு நண்டுகள் கூட்டமாகக் குடியிருந்தன. பிள்ளைகளே, மற்ற நண்டுகளைப் போல இவற்றுக்கு உடம்பு முழுக்க ஓடு கிடையாது. பின்பாதி தோலுரித்த நுங்கு மாதிரி மெத்தென்று இருக்கும். அதனால் செத்துப்போன நத்தைகளின் சங்கைத் தேடிப் பிடித்து, அதற்குள் வாழும். காக்கை வந்தால் உள்ளே போய்க் கொடுக்கால் வாசலை அடைத்துக்கொள்ளும். காக்கை கொத்திக் கொத்திப் பார்க்கும். அலகு வலித்ததுதான் மிச்சம்.

உடம்பு வளரும், சங்கு வளருமா? அதற்கு அவை ஒரு வழக்கம் வைத்திருந்தன. பெரிய சங்கு ஒன்று கரை ஒதுங்கினால் போதும், பெரியது முன்னே, சிறியது பின்னே என்று எல்லா நண்டுகளும் வரிசை கட்டி நிற்கும். முதல் நண்டு புதுச் சங்குக்குப் போகும். அது விட்ட சங்கு இரண்டாவதற்கு. இரண்டாவது விட்டது மூன்றாவதற்கு. இப்படியே கடைசி வரைக்கும். யாரும் எதையும் எறிந்ததில்லை.

அந்த வரிசையில் நுரைப்பூ என்ற நண்டுக்குப் பின்னால் அவள் தங்கை சோழி நிற்பாள்.

"அக்கா, என் சங்கு ரொம்ப இறுக்குதுக்கா. வயிறெல்லாம் வலிக்குது," என்றாள் சோழி.

"அடுத்த வரிசை வரட்டும்டி. என் சங்கு உனக்குத்தானே! வேற யாருக்கு?" என்றாள் நுரைப்பூ.

மறுநாள் காக்கை வந்தது. இந்த முறை கொத்த வரவில்லை. அதன் அலகில் ஒரு சிவப்பு பாட்டில் மூடி இருந்தது. ஊருக்கு வெளியே இருந்த குப்பைமேட்டிலிருந்து கொண்டுவந்ததாம். அதை நுரைப்பூவின் முன்னால் வைத்தது.

"இதென்னம்மா, எத்தனை பேர் இருந்துவிட்டுப் போன சங்கு! பாசி நாத்தம் வேற. இந்தச் சிவப்பைப் பாரு. கனமே கிடையாது. நீ நடந்தா காடே திரும்பிப் பார்க்கும்."

நுரைப்பூவுக்கு ஆசை வந்துவிட்டது. "இதுக்கு நான் என்ன தரணும்?"

"ஒண்ணும் வேண்டாம். பழைய சங்கைக் கொடு, புது மூடியை எடுத்துக்கோ. அவ்வளவுதான்."

நுரைப்பூ சங்கைவிட்டு வெளியே வந்து மூடிக்குள் உட்கார்ந்தாள். காக்கை அவளுடைய சங்கைத் தூக்கிக்கொண்டு பறந்து, ஆழக்கடலில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"ஐயோ, ஏன் போட்டீங்க?" என்றாள் நுரைப்பூ.

"பழசை வச்சு என்ன பண்ணப் போறே? இடத்தை அடைக்கும்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா? மூடி போய்விடுமோ என்ற பயம்!

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை! நுரைப்பூ சிவப்பு மூடியில் நடந்தாள். அக்காவின் சங்குக்காகக் காத்திருந்த சோழியைத் தவிர எல்லா நண்டுகளும் சிவப்பு கேட்டன. மற்ற எல்லாரும் சிவப்புக்கு மாறியதும் காக்கை நீலத்தைக் கொண்டுவந்தது. "சிவப்பா? அது போன வாரத்துது!" என்றது. உடனே சிவப்பை எறிந்துவிட்டு நீலம். நீலத்தை எறிந்துவிட்டு மஞ்சள். மணல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடிகள் குவிந்தன. சங்குகளோ ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தன.

ஒரு காலை, அலை ஒரு பெரிய சங்கைக் கரையில் தள்ளிவிட்டுப் போனது. சோழி ஓடோடிப் போய் அதன் அருகே நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். வரிசைக்கு ஒரு நண்டும் வரவில்லை. அவள் அளவுக்கு அந்தச் சங்கு மிகப் பெரிது. இழுத்தால் அசையவில்லை.

அழுதுகொண்டே அக்காவிடம் வந்தாள். "எனக்குத் தர்றேன்னு சொன்ன சங்கு எங்கேக்கா? இதுக்குள்ள இனிமே என்னால இருக்க முடியல."

நுரைப்பூவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "அட, சங்காவது! உனக்கும் ஒரு மூடி வாங்கித் தர்றேன். மஞ்சளா, நீலமா?"

சோழி நீலம் கேட்டாள். தன் இறுக்கமான சங்கைக் கழற்றிக் கொடுத்தாள். காக்கை அதையும் கடலில் போட்டுவிட்டு வந்து, தாழை மேல் உட்கார்ந்து கேட்டது:

"எல்லாரும் மாத்தியாச்சா? ஒருத்தர்கிட்டயாவது பழைய சங்கு இருக்கா?"

"இல்லவே இல்லை, காக்கையாரே!" என்று நண்டுகள் பெருமையாகக் கத்தின.

காக்கை வானத்தைப் பார்த்துக் கரைந்தது. தாழங்காட்டின் மேல் காக்கைக் கூட்டம் வந்து இறங்கியது.

நண்டுகள் வழக்கம்போல உள்ளே ஒளியப் பார்த்தன. எந்த உள்ளே? மூடிக்கு ஏது உள்ளே! பின்னால் நகர்ந்தால் முதுகு தட்டியது. கொடுக்கால் அடைக்க வாசலும் இல்லை. மெத்தென்ற வயிறுகள் அப்படியே வெளியே தெரிந்தன. பிள்ளைகளே, அதைச் சொல்ல எனக்கே நெஞ்சு பதறுகிறது.

நுரைப்பூ மூடியை உதறிவிட்டுத் தாழை வேருக்குள் புகுந்தாள். "சோழி! இங்கே வாடி! மூடியை விட்டுட்டு ஓடி வா!"

சோழி ஓடிவந்தாள். இன்னும் ஒரு சாண் தூரம்தான். மூடி தந்த அந்தக் காக்கையே அவளைக் கவ்வித் தூக்கியது.

"அவளை விட்டுடு! சின்னப் புள்ள! நான்தான் அவளை மாத்தச் சொன்னேன்!" என்று நுரைப்பூ அலறினாள்.

காக்கை தாழைக் கிளையில் உட்கார்ந்து சோழியைத் தின்று முடித்தது. பிறகு அலகைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "இத்தனை நாளும் உங்க சங்கு முன்னாடி பட்டினி கிடந்தவன் நான். சங்கைத் தந்துட்டு மூடியை எடுத்துக்கிட்டது நீங்க. நான் பிடுங்கவா செஞ்சேன்?"

கூட்டம் பறந்து போனது. நுரைப்பூ வெளியே வந்து, சோழியின் நீல மூடியைத் தேடினாள். கரை முழுக்க நீல மூடிகள் கிடந்தன. எது தங்கையுடையது என்று அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

இக்கதை தரும் நீதி: புதியதன் பளபளப்பில் மயங்கிப் பழையதை எறிபவர், தமக்கும் தமக்குப் பின்னால் நிற்பவருக்கும் இருந்த பாதுகாப்பையே எறிகிறார்.