குழலியின் கட்டுரையும் ஆறு ஜன்னல்களும்

அன்பர்களே, உங்கள் வீட்டில் எத்தனை ஜன்னல்கள் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? சொற்படியூர் கோமதிநாயகத்தால் முடியும். ஆறு. சொன்னதைச் சொன்னபடியே செய்யும் அவ்வூரில், மிகச் சரியாகச் செய்பவர் என்று பெயரெடுத்தவர் அவர்.

அவருடைய மகள் குழலி, காற்றின் பயன்களைப் பற்றி நான்கு தாள்களில் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அதைக் கம்ப்யூட்டர் வழியாக இன்று மாலை ஐந்து மணிக்குள் பள்ளிக்கு அனுப்பினால்தான், அவள் சென்னைக் கண்காட்சிக்குப் போக முடியும். ஆகவே கோமதிநாயகம் காலையிலேயே மனைவி செண்பகவடிவையும் அவள் அண்ணன் பிச்சையாவையும் கூட்டிக்கொண்டு தென்காசிக் கடைக்குப் போனார்.

"பிள்ளைங்க இருக்கிற வீடுங்கிறீங்க. மேக் வேணுமா, விண்டோஸ் வேணுமா?" என்றார் கடைக்காரர்.

மேக்கைத் திருப்பி, அதன் முதுகிலிருந்த ஆப்பிள் படத்தைப் பார்த்த செண்பகவடிவு முகம் சுளித்தாள். "என்னங்க, பழத்தை யாரோ கடிச்சு வச்சிருக்காங்க! பிள்ளைக்கு எச்சிலையா வாங்கிக் கொடுக்க?"

"கடிக்காதது ஒண்ணு எடுங்களேன்" என்றார் கோமதிநாயகம் பணிவாக.

"எல்லாமே அப்படித்தான் சார் வரும்."

பிச்சையா கலங்கிப் போனார். "எல்லாத்தையும் ஒரே ஆளா கடிச்சான்? அவன் வயிறு என்னத்துக்கு ஆகும், மாப்ளே!"

"அப்போ விண்டோஸ்தான். ஆனா மச்சான், விண்டோஸ்னா ஜன்னல்தானே? வீட்ல ஏற்கெனவே ஆறு இருக்கே" என்றார் கோமதிநாயகம்.

"அதான் நல்லது. பழகின பொருள். பிள்ளை பயப்படாது."

இந்த வாதத்துக்கு மறுப்பேது? விண்டோஸ் வீடு வந்து சேர்ந்தது. கோமதிநாயகம் கடைக்குப் போன் போட்டு, கட்டுரையை அனுப்ப அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"முதல்ல விண்டோஸை ஓப்பன் பண்ணுங்க."

மூவரும் ஆளுக்கு இரண்டாக ஓடித் திறந்தார்கள். செங்கோட்டைப் பக்கமிருந்து சாரல் காற்று விருந்தாளிபோல் உள்ளே நுழைந்தது.

"பண்ணியாச்சுங்க."

"எத்தனை ஓப்பனாயிருக்கு?"

"ஆறும்."

"ஆறா! ஒண்ணு போதும் சார். மத்ததை மூடுங்க."

எந்த ஒன்று? செண்பகவடிவு அடுப்படி ஜன்னல் என்றாள். பிச்சையா, கட்டிலுக்கு நேரே இருப்பது என்றார். விவாதம் முற்றிய வேளையில், மேசைமேலிருந்த நான்கு தாள்களும் எழுந்து, கிழக்கு ஜன்னல் வழியாக வரிசை தவறாமல் வெளியேறின.

"அப்பா! கட்டுரை போச்சு!" என்று அலறினாள் குழலி.

"ஐயோ, கட்டுரை போயிட்டுதுங்க!" என்று போனில் கதறினார் கோமதிநாயகம்.

"போயிட்டுதா? அப்போ வேலை முடிஞ்சுது சார்" என்று மகிழ்ந்து போனை வைத்தார் கடைக்காரர்.

கோமதிநாயகத்தின் நெஞ்சு குளிர்ந்தது. "ஏளா, அழாதே. உன் பள்ளிக்கூடம் பாவூர்சத்திரத்துல, கிழக்கே. காத்தும் கிழக்கேதான் போகுது. விலாசம் சரி."

ஆனால், ஐயகோ! முதல் தாள் எதிர்வீட்டின் மூடிய ஜன்னலில் மோதி அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆகவே, தென்காசிக்குக் கிழக்கே குடியிருக்கும் பெருமக்களே! ஒரு பெண்குழந்தையின் எதிர்காலம் உங்கள் ஜன்னல் கொக்கியில் தொங்குகிறது. மேற்கு ஜன்னலை மட்டும் திறந்தால் கட்டுரை உங்கள் வீட்டிலேயே தங்கிவிடும்; கிழக்கு ஜன்னலையும் திறந்துவிடுங்கள். நாளைக்கென்று தள்ளாதீர்கள், மணி இப்போதே நாலரை. இன்றே, இக்கணமே திறவுங்கள்! மேக் வாங்கியவர்கள் வீட்டில் ஜன்னல் இராது. அவர்கள் கதவையாவது திறந்து வைக்கட்டும்!